விஷம் என்று தெரிந்தும் ஏன் சாப்பிடுகிறார்கள்?

தலை நரைக்கத் தொடங்கிவிட்ட என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், சித்தி, பெரியம்மா, அத்தை என்று என்னைக் கூப்பிடுகிற சொந்தங்களுக்கும் வணக்கம். இது நீளமான பதிவு. படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ராத்திரி சாப்பாடு முடிந்தபிறகு நிதானமாக வாசியுங்கள்.

போன மாதம் நம் குடும்பக் குழுவில் நாலு வரி எழுதியிருந்தேன். கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் தாய்மார்களின் தாய்ப்பாலில் தொழிற்சாலை இரசாயனம் இருந்தது, அந்த ஊர்களில் ஒரு தொழிற்சாலைகூடக் கிடையாது என்று. அதற்கு அண்ணன் மகன் உடனே பதில் போட்டான்: "விஷம்னு தெரிஞ்சும் ஏன் பெரியம்மா சாப்பிடறாங்க? மீன் பிடிக்கறதைத் தடை பண்ணிட்டு அரசாங்கம் அரிசி கோதுமை குடுத்தா முடிஞ்சுபோச்சு." அதற்குக் கீழே மூன்று பேர் கட்டைவிரல். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லியிருப்பேன். சொன்னது மட்டும் அல்ல, செய்தும் இருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவன் கேள்விக்குப் பதில்.

போன ஆண்டு ஒட்டாவாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தது உங்களுக்குத் தெரியும். அவளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு எனக்கு நூலகம்தான் துணை. ஷீலா வாட் க்ளூத்தியே என்ற இனுயிட் அம்மையார் 2015இல் எழுதிய 'தி ரைட் டு பி கோல்ட்' என்ற புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் வாசித்தேன். எனக்கு இருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான், உங்களுக்கே தெரியும். அந்த ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடிப் படித்தேன். புரியாத இடங்களில் மகளைக் கேட்டுக்கொண்டேன்.

முதலில் ஒரு திருத்தம். துருவப் பிரதேச மக்கள் என்ற பாடத்தில் "எஸ்கிமோக்கள் பனிவீட்டில் வாழ்வர், பச்சை இறைச்சி உண்பர்" என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இக்லூ வரைந்து காட்டினேன், நீங்களும் நோட்டில் வரைந்தீர்கள். அவர்கள் தங்களை இனுயிட் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் 'மக்கள்' என்று பொருள். ஒருவரை மட்டும் குறித்தால் இனுக். இன்றைக்கு அவர்கள் இருப்பது சாதாரண வீடுகளில். பச்சை இறைச்சி மட்டும் உண்மை. அதைச் சொல்லும்போது நான் முகத்தைச் சுளித்திருப்பேன். அது பாடப்புத்தகத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது.

கியூபெக் மாகாணத்தின் வடக்கே, மூன்றில் ஒரு பங்கு நிலம் நுனாவிக். அங்கே கடற்கரையை ஒட்டி 14 ஊர்கள். தெற்கிலிருந்து சாலை கிடையாது. விமானம், அல்லது கோடையில் கப்பல். 1980களின் நடுவில் எரிக் தெவாயி என்ற மருத்துவ ஆய்வாளர் தெற்கு கியூபெக் தாய்மார்களின் பாலில் பிசிபி எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். பிசிபி என்பது மின்மாற்றிகளில் ஊற்றிவந்த எண்ணெய் போன்ற இரசாயனக் குடும்பம். 1970களின் கடைசியிலேயே அமெரிக்காவும் கனடாவும் அதைத் தடை செய்துவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடத்துப் பால் வேண்டும் என்று நுனாவிக் தாய்மார்களின் பாலை வாங்கிச் சோதித்தார்கள். பார்த்தால், தெற்கத்திப் பெண்களின் பாலில் இருந்ததைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. சுத்தமான இடம் என்று எதை வைத்தார்களோ, அங்கேதான் அதிகம்.

எப்படி? இங்கே கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரசாயனங்கள் வெப்பமான இடத்தில் ஆவியாகிக் காற்றோடு போகும், குளிரான இடத்தில் கீழே படியும். மறுபடி கொஞ்சம் சூடு கண்டால் எழும், இன்னும் வடக்கே போய் இறங்கும். வெட்டுக்கிளி தாவுவதுபோல. கடைசியில் துருவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் போக இடமில்லை. அங்கே கடல்நீரில் இருப்பது மிகக் கொஞ்சம்தான். ஆனால் பிசிபி கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் சிதையாது. நுண்ணுயிரை இறால் வகைகள் தின்னும், அதைச் சின்ன மீன், அதைப் பெரிய மீன், அதைக் கடல்நாயும் திமிங்கலமும். ஒவ்வொரு படியிலும் விஷம் கூடிக்கொண்டே போகும். உணவுச் சங்கிலி என்று அம்புக்குறி போட்டு உங்களை வரையச் சொன்னேனே, அதில் கடைசி அம்புக்குறிக்கு அப்புறம் இருப்பது மனிதர் என்று நினைத்தேன். அது தவறு. அதற்கும் அப்புறம் ஒருவர் உண்டு, அந்தத் தாயின் மார்பில் இருக்கிற குழந்தை.

சரி, அண்ணன் மகன் சொன்னபடி "சாப்பிடாதே" என்று சொல்லிவிடலாமா?

அந்த மக்கள் கடலிலும் நிலத்திலும் கிடைக்கும் தங்கள் உணவை ஆங்கிலத்தில் 'கன்ட்ரி ஃபுட்' என்கிறார்கள். நாம் நாட்டுக்கோழி, நாட்டுக்காய் என்று சொல்வதுபோல நாட்டு உணவு. கடல்நாய், பெலுகா என்ற வெள்ளைத் திமிங்கலம், கரிபூ மான், காட்டு வாத்து, ஆர்க்டிக் சார் என்ற சால்மன் வகை மீன், கோடையில் பறிக்கும் பெர்ரிப் பழங்கள். மரமே முளைக்காத நிலத்தில் இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் அவர்களுக்கு இதிலிருந்துதான் வந்தன. திமிங்கலத் தோலும் அதன் கீழ்க் கொழுப்பும் சேர்ந்த மத்தாக் என்ற உணவில் வைட்டமின் சி-கூட உண்டு. எலுமிச்சை காணாத நாட்டில் அவர்களுக்கு ஸ்கர்வி வராமல் காத்தது இந்தப் பச்சை இறைச்சிதான். நான் முகம் சுளித்துச் சொன்ன அதே பச்சை இறைச்சி.

இதை நிறுத்தினால் அதன் இடத்தில் என்ன வரும்? விமானத்தில் வருகிற சிப்ஸ், குளிர்பானம், டப்பா இறைச்சி. தெற்கைவிட விலையும் மிக அதிகம். பக்கத்து நுனாவுட் பிரதேசத்தில் 2007, 2008 ஆண்டுகளில் நடந்த கணக்கெடுப்பில் 10 இனுயிட் வீடுகளில் 7 வீடுகளுக்குப் போதிய உணவு உறுதியாக இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் போய், கையில் இருக்கிற உணவையும் கீழே போடு என்று சொல்வதற்குப் பெயர் பாதுகாப்பா? வேட்டைக்குப் போனவர் கொண்டுவருவதை ஊரே பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் வேறு. நுனாவிக்கில் ஊருக்குப் பொதுவான உறைபனி அறை உண்டு. வயதானவர்களும் வேட்டைக்குப் போக முடியாதவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உணவை நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

அதனால்தான் அவர்கள் 'உணவு இறையாண்மை' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். வயிறு நிறைந்தால் போதும் என்பது உணவுப் பாதுகாப்பு. எந்த உணவால் நிறைய வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பது இறையாண்மை. ரேஷன் கடையில் நிற்கிற எவருக்கும் இந்த வித்தியாசம் விளங்கும்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். ஆய்வு என்றாலே ஊசி குத்தி இரத்தம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள் என்பது உலகம் முழுக்கப் பழங்குடி மக்களின் அனுபவம். நுனாவிக்கிலும் முதலில் பீதிதான். குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா வேண்டாமா என்று தாய்மார்களுக்குக் குழப்பம். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது ஒருவர் வந்து உன் பாலில் விஷம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பாலில் இருக்கும் நன்மை பெரிது, நிறுத்தாதீர்கள் என்றுதான் சுகாதாரத் துறையினர் சொன்னார்கள். ஆனால் 1989இல் அங்கே முக்கியமான ஒரு காரியம் நடந்தது. இந்தப் பிரச்சினைக்கென்றே உள்ளூரில் ஒரு குழு அமைத்தார்கள். பிறகு அது நுனாவிக் ஊட்டச்சத்து மற்றும் நலவாழ்வுக் குழு ஆனது. என்ன ஆராய்வது, முடிவை ஊர்மக்களிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதெல்லாம் அந்தக் குழுவின் வழியாகப் போக வேண்டும். 1991இல் கனடா அரசு வடபகுதி மாசுக்கள் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதிலும் இனுயிட் அமைப்புகளும் மற்றப் பழங்குடி அமைப்புகளும் விஞ்ஞானிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்தன.

மேசையில் உட்கார்ந்தால் கேள்வி மாறும். "இவர்கள் உணவில் விஷம் உண்டா?" என்பது வெளியாள் கேள்வி. "எந்த உணவில், எந்தப் பாகத்தில், யாருக்கு ஆபத்து, அதை யார் போட்டது?" என்பது சாப்பிடுகிறவரின் கேள்வி.

காட்டு வாத்துக் கதையைக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நுனாவிக்கில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஈயம் அதிகம் இருந்தது. காற்றில் வந்ததா, பெட்ரோல் புகையா என்று தேடினார்கள். ஈயத்திலும் வகைகள் உண்டு, ஐசோடோப்பு விகிதம் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று கைரேகைபோலச் சொல்லிவிடும். அது வேட்டைத் துப்பாக்கியின் ஈய ரவையோடு பொருந்தியது. வாத்தில் குற்றம் இல்லை, வாத்தைச் சுட்ட ரவையில்தான். சின்னச் சின்னத் துணுக்குகள் இறைச்சியில் தங்கிவிடுகின்றன. 1999ஐ ஒட்டி ஈய ரவையை விட்டுவிடுங்கள், எஃகு ரவை வாங்குங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார்கள். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குக் கனடா முழுக்கவும் தடை வந்தது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்தது. வாத்துக் கறி அவர்கள் தட்டில் அப்படியே இருக்கிறது. "வாத்து சாப்பிடாதே" என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வால்ரஸ் என்ற கடல் விலங்கு விஷயத்தில் இன்னும் நேரடியாகவே செய்கிறார்கள். இது இரசாயனம் இல்லை, இறைச்சியில் இருக்கும் டிரைக்கினெல்லா என்ற நுண்புழு. வேட்டையாடியதும் நாக்கிலிருந்து ஒரு துண்டை கூஜுவாக் ஊரில் இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு விமானத்தில் அனுப்புவார்கள். அந்தக் கூடம் இனுயிட் அமைப்பினுடையது. முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடமாட்டார்கள். புழு இல்லை என்று வந்தால் ஊருக்கே விருந்து. இருக்கிறது என்று வந்தால் அந்த இறைச்சியை அழித்துவிடுவார்கள். இத்தனையும் சாப்பிடுவதற்காகச் செய்கிற சோதனை, சாப்பிடாமல் இருப்பதற்காக அல்ல.

பாதரசம் இவ்வளவு எளிதில் முடியவில்லை. பழைய வெப்பமானி உடைந்தால் அந்த வெள்ளி உருண்டையை உள்ளங்கையில் உருட்டி விளையாட நானே உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அது மகா தவறு. அந்த ஆவியை மூச்சில் இழுத்திருப்போம். கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் ஏன் மூடப்பட்டது என்று படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீரில் போய்ச் சேரும் பாதரசத்தைச் சில பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக மாற்றும். அது உணவோடு போனால் கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் ஏறும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளைவரை போகும். நுனாவிக்கில் ஏறத்தாழ 300 குழந்தைகளைப் பிறப்பு முதல் 11 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். கருவில் அதிகப் பாதரசம் பட்ட பிள்ளைகளுக்குக் கவனக்குறைவும் அறிவுத்திறன் சோதனையில் சற்றுக் குறைவும் தெரிந்தன. 42 பேர் வகுப்பில் யாருக்குக் கவனம் நிற்கவில்லை என்று பிரம்பெடுத்தவள் நான். அந்த வரியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆகவே ஆபத்து பொய் என்று நான் சொல்லவில்லை. பாரம்பரிய உணவு என்றாலே அமிர்தம், ஒன்றும் ஆகாது என்று நம் வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளின் ரகம் அல்ல இந்தப் பதிவு. 2011இல் நுனாவிக் சுகாதார வாரியம் என்ன சொன்னது என்று பாருங்கள். பாதரசம் முக்கியமாக வருவது பெலுகா இறைச்சியிலிருந்து. ஆகவே கர்ப்பிணிகளும் குழந்தை பெறும் வயதுப் பெண்களும் அந்த இறைச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் சார் மீனில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 அதிகம், அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மத்தாக்கில் பாதரசம் இறைச்சியைவிடக் குறைவு, செலினியம் உண்டு. மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிடலாம். அறிவுரையோடு நிற்கவும் இல்லை, கர்ப்பிணிப் பெண்களுக்குச் சார் மீனைக் கொடுக்கும் திட்டம் ஒன்றையும் சில ஊர்களில் நடத்திப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு நுனாவுட்டிலும் இதே போக்கில், கடல்நாயின் ஈரலைக் குழந்தை பெறும் வயதுப் பெண்கள் தவிர்க்கட்டும், இறைச்சியைச் சாப்பிடலாம் என்றார்கள். ஒரு விலங்கில் ஓர் உறுப்பு, ஒரு வயதினருக்கு மட்டும். இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல வேண்டுமானால் எத்தனை ஆண்டு அளந்திருக்க வேண்டும்! வெறும் "சாப்பிடாதே" சொல்ல ஆய்வே தேவையில்லை, பயம் போதும்.

நான்காவது கேள்வி ஒன்று மீதி இருக்கிறது, யார் போட்டது? சாப்பிடுகிறவர் எவ்வளவுதான் கவனமாக இருந்தாலும் மேலேயிருந்து விழுந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? பிசிபி விஷயத்தில் இனுயிட் மக்கள் அந்த ஆய்வு எண்களை எடுத்துக்கொண்டு ஐ.நா. பேச்சுவார்த்தைக்கே போனார்கள். 1999இல் நைரோபியில் ஷீலா அம்மையார் தாயும் சேயுமான இனுயிட் சிற்பம் ஒன்றை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவரிடம் கொடுத்தார். அது பேச்சுவார்த்தைத் தலைவரின் மேசைமேல் வைக்கப்பட்டது. கல்லில் செய்த ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்க நாடுகள் வாதாடின. 2001இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உருவானது. பிசிபி, டிடிடி உள்பட 12 இரசாயனங்கள் முதல் பட்டியலில் வந்தன. ஆர்க்டிக் பகுதியும் அங்குள்ள பழங்குடி மக்களும் அதிக ஆபத்தில் இருப்பதாக ஒப்பந்தத்தின் முகவுரையே சொல்கிறது. இந்தியாவும் 2006இல் ஏற்றுக்கொண்டது. நுனாவிக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் பிசிபி 1990களில் இருந்ததைவிட இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பாதரசத்துக்கு மினமாட்டா ஒப்பந்தம் 2013இல் வந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்ததா என்றால் இல்லை. ஒன்டாரியோவில் கிராஸி நேரோஸ் என்று ஓர் அனிஷினாபே ஊர். ஆற்றின் மேல்பக்கம் டிரைடன் என்ற ஊரில் இருந்த காகித ஆலை வளாகத்திலிருந்து 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் ஆற்றில் கலந்தது. 1970இல் அரசாங்கம் அங்கே மீன்பிடித் தொழிலை நிறுத்தியது. அண்ணன் மகன் சொன்ன தீர்வு அப்படியே நடந்த ஊர் இது! மீன் போயிற்று. மீன் பிடிக்க வந்த சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர்களின் வேலையும் போயிற்று. பாதரசம் மட்டும் ஆற்றின் அடியில் அப்படியே கிடந்தது. 1975இல் ஜப்பானிலிருந்து மினமாட்டா நோயை ஆராய்ந்த டாக்டர் ஹராடா வந்து பார்த்தார், பிறகும் பலமுறை வந்தார். ஆனால் தங்களுக்கு என்ன ஆயிற்று என்று காட்ட ஊர்மக்கள் பல பத்தாண்டு போராட வேண்டியிருந்தது. பழைய தலைமுடிச் சோதனை எண்களைத் தோண்டியெடுத்து, ஊரோடு சேர்ந்து டோனா மெர்க்லர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, அதிகப் பாதரசம் இருந்தவர்கள் சீக்கிரம் இறந்திருக்கிறார்கள் என்று காட்டியது. ஆற்றைச் சுத்தம் செய்ய 8.5 கோடி டாலர் என்று ஒன்டாரியோ அரசு அறிவித்ததே 2017இல்தான். மீனை நிறுத்த ஒரு நாள் போதுமாயிருந்தது, ஆற்றுக்குப் பணம் ஒதுக்க 47 ஆண்டு.

லாப்ரடார் இனுயிட் மக்கள் இதைப் பார்த்துப் பாடம் கற்றவர்கள்போல முன்கூட்டியே களத்தில் இறங்கினார்கள். மஸ்க்ரட் அருவியில் மின் அணை கட்டினால் மூழ்கும் மண்ணிலிருந்து மெத்தில் பாதரசம் உண்டாகிக் கீழே மெல்வில் ஏரிக்கு, தங்கள் மீனுக்கும் கடல்நாய்க்கும் வரும் என்று சந்தேகப்பட்டார்கள். நுனாட்சியாவுட் என்ற அவர்களுடைய சொந்த அரசாங்கம் ஹார்வர்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், தலைமுடியில் எவ்வளவு பாதரசம் என்று அணையில் நீர் நிரம்புவதற்கு முன்பே அளந்தது. 2016இல் அறிக்கை வந்தது. மரத்தையும் மேல்மண்ணையும் அகற்றிவிட்டு நீரை நிரப்புங்கள் என்று கேட்டார்கள். "மீனைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் இழப்பீடு தருகிறோம்" என்கிற மாதிரியான பதிலே வந்துகொண்டிருந்தது. அந்த அக்டோபரில் மூன்று பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் உணவைக் காப்பதற்காக உண்ணாமல் இருந்தார்கள். மாகாண அரசு பேச்சுக்கு வந்தது, வல்லுநர் குழு போட்டது, குழுவும் மண்ணை அகற்றச் சொன்னது. 2019இல் மண்ணை அகற்றாமலே நீரை நிரப்பிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஆய்வால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பயன் உண்டு. அணைக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்ற எண் இன்றைக்கு அந்த மக்களின் கையில் இருக்கிறது. "உங்கள் மீனில் எப்போதும் இவ்வளவு இருந்தது" என்று நாளைக்கு ஒருவரும் அவர்களிடம் சொல்ல முடியாது. கிராஸி நேரோஸ் மக்களுக்கு அப்படி ஒரு எண் 1962இல் இருந்ததா? எண் யாரிடம் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியம். கனடாவின் முதற்குடி மக்கள் 1998லேயே இதற்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். எங்களைப் பற்றிய தகவல் எங்களுக்குச் சொந்தம், எங்கள் கட்டுப்பாட்டில், எங்கள் கைக்கு எட்டும்படி, எங்களிடமே இருக்க வேண்டும் என்று. 2008 முதல் 10 ஆண்டு, 92 முதற்குடி ஊர்களில் நடந்த பெரிய உணவு ஆய்வு அந்த விதிப்படியே நடந்தது. பாரம்பரிய உணவு பெரும்பாலும் பாதுகாப்பானது, சாப்பிட்ட நாட்களில் சத்தும் கூடுகிறது என்று அது சொன்னது. ஈய ரவையிலும், வேறு மீனைத் தின்னும் பெரிய மீன்களின் பாதரசத்திலும் கவனம் தேவை என்றும் சொன்னது. 48 சதவீத வீடுகளில் உணவுக்கு உறுதியில்லை என்றும் சொன்னது. பயப்பட வேண்டியது மீனைப் பார்த்தா, அது கிடைக்காமல் போவதைப் பார்த்தா?

இப்போது நான் செய்தது.

1989. என் மூன்றாம் வகுப்பு. ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து, இருளர் வீட்டுப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். அந்தக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடம் வந்த முதல் பிள்ளை அவன். வாயே திறக்கமாட்டான், ஆனால் கணக்கு நன்றாக வரும். அறுவடை நேரத்தில் ஒருநாள் வாழை இலையில் மடித்து வரப்பெலி சுட்டது கொண்டுவந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். நான் அவனை எழுப்பி நிற்கவைத்து, இதெல்லாம் இங்கே கொண்டுவரக் கூடாது, வயலில் எலி மருந்து வைக்கிறார்கள், விஷம், செத்துப்போவாய், சத்துணவு சாப்பிடு என்றேன். சுகாதாரப் பாடம் நடத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டேன். வகுப்பு சிரித்தது. நீங்களில் சிலர் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.

வயலில் எலி மருந்து வைத்தது உண்மைதான். வைத்தவர் யார்? நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். எந்த வயலில், எந்த நாளில் மருந்து வைக்கிறீர்கள், ஏரிக்கரை ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வையுங்களேன் என்று அவரிடம் நான் கேட்டிருக்கலாம். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் உள்ளே போவேன். கேட்கவில்லை. மருந்து வைத்த எலி எது, வைக்காத எலி எது என்று அந்தப் பையனின் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவரிடமும் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் மட்டும் சொன்னேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தேன், செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றார்கள். என்னால்தான் நின்றான் என்று சொல்ல முடியாது. வேலை இருக்கும் இடத்துக்கு எல்லோரும் போகிற காலம் அது. ஆனால் அன்றைக்குப் பிறகு விடுமுறைவரை அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பில் உட்காரவில்லை, கிணற்றடியில் போய் நின்றான். அதைப் பார்த்துக்கொண்டே நான் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

1989-90இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்களே, அவன் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே எழுத வேண்டாம். இப்போது அவனுக்கு 45 வயதை ஒட்டி இருக்கும். உங்களில் இரண்டு பேர் செங்கல் வியாபாரத்தில் இருக்கிறீர்கள், ஒருவர் அந்தப் பக்கம் பேருந்து ஓட்டுகிறார். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊருக்கு வருகிறேன், மூன்று நாள் இருப்பேன்.

அண்ணன் மகனே, உனக்கும்தான். வண்டி எடுத்துக்கொண்டு வா, ஏரிக்கரைவரை நடக்க என் முழங்கால் இடம் கொடுக்காது.